யார் எங்கே படுக்கிறார்கள்

வேங்கைமரத்தூரில் முப்பத்தெட்டு வீடுகள். நெல்லிவாசல்நாட்டில் ஜீப் போய்ச் சேருகிற கடைசி ஊர் அதுதான். அதற்கு மேலே காடு. அந்த முப்பத்தெட்டு வீட்டில் யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் உப்பைக் குறைக்க வேண்டும், எந்தப் பிள்ளை தன் முட்டையைத் தின்னாமல் சட்டைப்பையில் ஒளித்துத் தங்கைக்குக் கொண்டுபோகும் என்று ரேணுகாதேவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சத்துணவு சமைப்பவள். முதல் வருஷம் அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களைப் பார்த்தாலும் "தட்டக் கழுவினியா?" என்றுதான் விசாரிப்பாள். மீசை வைத்தவன் என்றெல்லாம் பார்க்க மாட்டாள்.

ஆள் குள்ளம், நடை வேகம். பிறந்தது இரண்டு மலை தாண்டி இன்னொரு ஊரில். பத்தாவது வரை படித்தாள்; அந்தப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அது பெரிய படிப்பு. இருபது வயதில் தாய்மாமன் மகன் வேடியப்பனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஒரே மகள், நதியா. இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை, நாலு புளியமரம், ஒரு ஜோடி மாடு. சண்டை போடுவதற்குக்கூட அவர்களிடம் அதிகமாக எதுவும் இருந்ததில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு சண்டை. அது உருப்படியான சண்டையாக அமைந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன ஆனி மாதம் சிவசங்கரி என்று ஒரு பெண் மலையேறி வந்தாள். கண்ணமங்கலத்துக்காரி. வெள்ளம், புயல், மண்சரிவு என்று வந்தால் ஊரே ஊரைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, இங்கே எல்லோரையும் தெரிந்தவர் யார் என்று கேட்டாள். முப்பத்தெட்டு வீடும் சமையற்கட்டைப் பார்த்துக் கையை நீட்டியது. ரேணுகாதேவி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். அப்படித்தான் அவள் ஊரின் பேரிடர்ப் பொறுப்பாளர் ஆனாள்.

சிவசங்கரி கொடுத்த படிவம் சமவெளி நகரத்துக்காக அச்சடித்தது. தெரு, கதவு எண், தளம் என்று கட்டம் கட்டியிருந்தது. தளம் என்றால் என்ன என்று ஜீப் ஓட்டும் சின்னராசு கேட்டான். மாடியா, கீழேயா என்று சிவசங்கரி விளக்கினாள். அப்படியானால் காவல் பரணை எந்தத் தளத்தில் எழுதுவது என்று தீர்த்தகிரி கிழவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவசங்கரியும் சிரித்தாள். கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, தான் முன்பு வேலை பார்த்த நகரத்தின் கதையைச் சொன்னாள்.

அங்கே ஒரு மழைக்காலத்தில் இரவோடு இரவாக வெள்ளம் புகுந்தது. படகு வர மூன்று நாள் ஆயிற்று. ஒரு தெருவில் ஒருவரும் சாகவில்லை. காரணம், தள்ளுவண்டியில் இட்லி விற்கிற ஒரு பெண்மணி. கீழ்வீட்டில் படுப்பது யார், கதவைத் தட்டினால் காது கேட்காத பெரியவர் எந்த அறையில் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடுத்த தெருவில் கதவு எண் வாரியாகச் சுத்தமான பட்டியல் இருந்தது. ஒரு எண் விடாமல் போய்ப் பார்த்தார்கள். மாடிப்படிக்குக் கீழே படுத்த காவல்காரருக்குத்தான் எண் இல்லை. அதற்கப்புறம் அந்த நகரம் தெருத்தெருவாகத் தன் பட்டியலைத் திருப்பி எழுதியது. இதைச் சொல்லும்போது சிவசங்கரியின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"வூடு யாருதுன்னு எழுதாதீங்கக்கா. யாரு எங்க படுக்கறாங்கன்னு எழுதுங்க. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றாள்.

ரேணுகாதேவி அன்றைக்கே கதவு எண் என்பதை அடித்துவிட்டுப் 'படுக்கும் இடம்' என்று மேலே எழுதினாள். அதையும் இரண்டாகப் பிரித்தாள். ஏனென்றால் ஆவணியில் சாமை கதிர் பிடிக்க ஆரம்பித்தால் ஐப்பசியில் அறுப்பு முடிகிறவரை மலையில் பாதிப் பேர் வீட்டில் படுப்பதில்லை. காட்டுப்பன்றிக்குக் காவலாகக் கொல்லையில்தான் கொட்டாய் போட்டுப் படுப்பார்கள். ரேஷன் கார்டைப் பார்த்துத் தேடினால் அந்த மூன்று மாதமும் காலிப் பாயைத்தான் காப்பாற்றலாம்.

பட்டியல் எழுதப் போன பிறகுதான் அது சோறு போடுவது போன்ற வேலை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று யாரையும் கேட்டுவிடலாம். எங்கே படுக்கிறாய் என்று கேட்டால் மனுஷர்கள் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்கிறார்கள். தீர்த்தகிரி முதலில் வீடு என்றுதான் சொன்னார். அவள் பேனாவை எடுக்காமல் நின்றாள். அப்புறம் மெதுவாக, மனைவி போன நாளிலிருந்து மாட்டுக்கொட்டகையில் படுப்பதாகச் சொன்னார். மாடு மூச்சுவிடும் சத்தம் கேட்டால்தான் கண் அசருகிறதாம். மகன் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லும் திரௌபதி, நிஜத்தில் மகள் வீட்டுச் சமையல் அறையில் படுத்தாள். கோபாலுக்குச் சனி, ஞாயிறு என்று தனியாக ஒரு வரி போட வேண்டியிருந்தது. குடித்துவிட்டு வந்தால் அவன் மனைவி கதவைத் திறப்பதில்லை, அன்றைக்கு ஜீப் நிற்கும் நிழற்குடையில்தான் அவன் படுக்கை.

எல்லோரிடமும் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். வெட்கத்தைப் பார்க்காதே, இது உயிர் சமாசாரம், என்னோடும் தேடி வரும் ஆளோடும் நிற்கும். சொன்னபடியே காப்பாற்றினாள். பத்து நாளில் நூற்றைம்பத்தொரு பேருடைய படுக்கையும் தாளில் ஏறியது. ஒன்பதாவது வரி மட்டும் பாக்கி. அது அவள் வீடு.

இப்போது அந்தச் சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

நதியா பன்னிரண்டாவதில் நல்ல மார்க். நர்சிங் படிக்க வேலூரில் இடம் கிடைத்தது. வேடியப்பன் வேண்டாம் என்றான். கெட்டவன் இல்லை, மகள் என்றால் உயிர். அந்த உயிர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் விடுதியில் படுப்பதைத்தான் அவனால் நினைக்க முடியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அடுத்த வருஷம் என்பது என்ன என்று மலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ரேணுகாதேவி வாதாடவில்லை. அவன் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போன இரண்டு நாளில் மகளைச் சின்னராசு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தாள்.

வேடியப்பன் திரும்பி வந்து, வீட்டுக்குள் போய், மகளின் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தான். கத்தவில்லை. போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கொல்லைக் கொட்டாய்க்குப் போனான். அது ஆவணி மாதம், காவலுக்குப் போகிற காலம். அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஐப்பசியில் அறுப்பு முடிந்தது. எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இவன் வரவில்லை. தை போய், மாசி போய், கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்த பங்குனியிலும் அங்கேதான் படுத்தான். பன்றிக்குக்கூட அந்தக் கொல்லையில் ஆசை இல்லை. ஆனாலும் காவல் நடந்தது.

பகலில் வருவான். சாப்பிடுவான். மாட்டைப் பற்றி, விறகைப் பற்றிப் பேசுவான். பொழுது சாய்ந்து ஊர் அடங்குகிற நேரத்தில் ஊரோரத்துப் பலாமரத்துக்குப் பின்பக்கமாக நடந்துவிடுவான். ரேணுகாதேவி வாசலில் நின்று அந்த நடையைப் பார்ப்பாள். கூப்பிட்டால் வந்துவிடுவானோ என்னவோ, கூப்பிட்டு வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் டவர் கிடைக்கும் வளைவு வரை போய் மகளிடம் பேசுவாள். முதல் இரண்டு மாதம் நதியா, அப்பா எப்படி இருக்கிறார் என்று அழுதாள். அதற்கப்புறம் அப்பா என்ற பேச்சையே எடுப்பதில்லை. தன்னால் மகளும் அப்பனும் அறுந்துபோனார்கள் என்று திரும்பி வருகிற ஜீப்பில் ரேணுகாதேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்னராசு பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பான்.

இந்த நிலைமையில்தான் ஒன்பதாவது வரி. ஊரெல்லாம் தன்னைக் கெட்டிக்காரி என்கிறது. மகளை நர்சுக்குப் படிக்க வைக்கிறாள், புருஷனும் ஒத்துப்போகிறான் என்று மற்ற பெண்கள் தங்கள் வீட்டில் அவளை உதாரணம் காட்டுகிறார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு ஆவணி முதல் ஐப்பசி வரை என்ற கட்டத்தில் மேட்டுக்கொல்லை என்றும், மற்ற மாதங்கள் என்ற கட்டத்தில் வீடு என்றும் எழுதினாள். நூற்றைம்பத்தொரு பேரிடம் உண்மை வாங்கியவள் எழுதிய ஒரே பொய் அது. சின்னராசு ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் எடுத்து வந்தான். பத்து வீட்டுக்கு ஒரு தாளாகப் பிரித்து ஆட்களுக்குக் கொடுத்தார்கள். முதல் பத்து வீடு சின்னராசுக்கும், அங்கன்வாடியில் உதவியாக இருக்கும் ரம்யாவுக்கும்.

புரட்டாசியில் ஒத்திகை. சிவசங்கரி கையில் பிடிக்கும் மைக் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் நின்று சைரன் சத்தம் எழுப்பினாள். சத்தம் கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கு ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு. ஊர் ஓடத்தான் செய்தது. கைக்குக் கிடைத்த டின், தகரம், குழவி எல்லாம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு எதிர்த்திசையில், கொல்லையைப் பார்த்து ஓடியது. கதிர் முற்றுகிற மாதத்தில் திடீரென்று ஒரு ஊளைச் சத்தம் கேட்டால் மலைக்காரன் காலுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பன்றி இறங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் சுற்றுப்பட்ட கொல்லையெல்லாம் தகரச் சத்தம். பள்ளிக்கூடத்தில் சிவசங்கரியும் ரேணுகாதேவியும் ஒரு நாயும் மட்டும் நின்றார்கள்.

சிவசங்கரி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு, எந்தச் சத்தம் கேட்டால் உங்கள் ஊர் பள்ளிக்கு வரும் என்று ரேணுகாதேவியைக் கேட்டாள். ரேணுகாதேவி யோசிக்கவே இல்லை. உள்ளே போய் அண்டா மூடியை எடுத்துவந்து இரும்புக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டினாள். மதியச் சோற்றுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட அவள் பத்தொன்பது வருஷமாகத் தட்டுகிற தட்டு. கொல்லையிலிருந்து ஊரே திரும்பி வந்தது. முப்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஓடியே வந்தார்கள். எதற்கு ஓடினோம் என்று வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்கே சிரிப்பு வந்தது. சிவசங்கரி மைக்கைப் பைக்குள் வைத்துவிட்டு, இனிமேல் இதுதான் சைரன் என்று எழுதிக்கொண்டாள். போகும்போது ஒரு விதி மட்டும் சொல்லிப் போனாள். பட்டியலை வைத்திருப்பவர் யாரையும் தேடி ஓடக்கூடாது. அவர் நிற்கிற இடத்தில் நின்றால்தான் மற்றவர்களுக்குக் கணக்குப் பிசகாது.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. கரண்டு போனது, டவர் போனது, கீழே போகும் பாதையில் மரம் விழுந்தது. மூன்றாம் நாள் வேடியப்பன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. காலையில் எழுந்து வந்து மாட்டுக்குத் தழை போட்டவன், மறுபடி கொட்டாய்க்கே போய்விட்டான். இந்த மழையிலும் வீம்பா என்று ரேணுகாதேவிக்குக் கோபம் வந்தது. அவன் தட்டை மூடி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, பள்ளிக்கூடத்தில் அரிசி நனையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

மூன்றரை மணி இருக்கும். தீர்த்தகிரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் ஓடை. மூன்று நாளாக அதன் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லையாம். இப்போது மழை அதே மழைதான், ஓடைச் சத்தம் மட்டும் அடங்கிவிட்டது.

"தண்ணி கொறையுதும்மா. வர்ற கொஞ்சமும் செகப்பா வருது" என்றார்.

ரேணுகாதேவி ஓடைப் பக்கம் காதைக் கொடுத்தாள். சிவசங்கரி சொன்னது ஞாபகம் வந்தது. மழை கொட்டும்போது ஓடை வற்றினால் மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து இறங்கும். அண்டா மூடியை எடுத்தாள். தாழ்வாரத்தில் நின்று தட்ட ஆரம்பித்தாள்.

ஒத்திகை வீண்போகவில்லை. சத்தம் கேட்டு நடக்க முடிந்தவர்கள் தாமாக வந்தார்கள். முடியாதவர்களைத் தேடி ஆட்கள் தாளில் உள்ளபடி பிரிந்து போனார்கள். திரௌபதியை மகள் வீட்டுச் சமையல் அறையிலிருந்து நேராக நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மகன் வீட்டுக்குப் போய் ஒரு நிமிஷம் யாரும் வீணாக்கவில்லை. கோபால் நிழற்குடையில் கிடைத்தான். தீர்த்தகிரி கொட்டகைக்குத் திரும்பி ஓடி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றார். தட்டு எதற்கு என்று கேட்டதற்கு, நீ அடிச்ச அடிக்குக் கை தானா எடுத்துடுச்சு என்றார். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

ரேணுகாதேவி ஒரு கையால் தட்டுவாள், நிறுத்துவாள், வந்தவர்களுக்கு டிக் போடுவாள். அஞ்சு மணிக்குத் தாளில் இன்னும் டிக் விழாத வரிகள் மூன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்றுதான். ஒன்பதாவது வரியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இந்தச் சத்தத்தைக் கேட்டு வந்துவிடுவான் என்று நினைத்தாள். மேட்டுக்கொல்லைக்கு இந்த மழையில் சத்தம் எட்டாது என்றும் அவளுக்குத் தெரியும். கொட்டாய் இருப்பது ஓடைக்கு நேர் மேலே. காலைத் தூக்கி ஒரு படி இறங்கினாள். பட்டியல் கையில் இருந்தது. இறங்கிய காலை மறுபடி மேலே வைத்தாள்.

அப்போது ரம்யா நனைந்துபோய் வந்தாள். முதல் பத்து வீட்டிலும் ஆள் இல்லை, எல்லோரும் வந்தாயிற்று என்றாள். உங்கள் வீடும் பூட்டியிருக்கிறது என்றாள்.

இதற்கு மேல் வெட்கத்துக்கு இடம் இல்லை. தாழ்வாரத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. ரேணுகாதேவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"என் வூட்டுக்காரரு வூட்ல படுக்கறது இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மேட்டுக்கொல்லக் கொட்டாய்லதான் கீறாரு. நான் பொய் எழுதிட்டேன். யாராவது போங்க."

யாரும் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் புரியவில்லை. திரௌபதி தலையைக் குனிந்துகொண்டாள். தீர்த்தகிரி தன் தட்டைப் பார்த்தார். ரம்யாதான் கிட்டே வந்து மெதுவாகப் பேசினாள்.

"சின்னராசு அண்ணன் அங்கதாங்கக்கா போயிருக்காரு. மொத சத்தம் கேட்டதுமே மொதல்ல அங்கதான் ஓடினாரு."

தாள் நனையக் கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு அவன் ரம்யாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் அதை நீட்டினாள். ரேணுகாதேவியின் குண்டு எழுத்தில் ஒன்பதாவது வரி. வேடியப்பன், வீடு. அதன் ஓரத்தில் பென்சிலில், எட்டாவதோடு பள்ளியை விட்ட சின்னராசுவின் கோணல் எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'மேட்டுக்கொல்லை கொட்டாய். எல்லா மாசமும். அக்காவை கேக்க வேணாம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவள் ஊரின் வெட்கத்தையெல்லாம் பூட்டிவைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளுடையதை அவளுக்கே தெரியாமல் ஒரு வருஷமாகக் காப்பாற்றியிருக்கிறது. 

மேலே ஜல்லி லாரி கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீளமான சத்தம். கீழே தரை லேசாக அதிர்ந்தது. ஓடைப் பக்கத்திலிருந்து முறிந்த மரத்தின் பச்சை வாசனை மழையோடு வந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. ரேணுகாதேவி கரண்டியைத் தூக்கினாள்; மேட்டைப் பார்த்தபடி தட்ட மறந்து நின்றாள். திரௌபதி நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். மூடியை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் திசை தெரிய வேண்டும் என்று விடாமல் தட்டினாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவளைக் கேட்டால் அது ஒரு வருஷத்தை விட நீளம் என்பாள். பலாமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு உருவம் தெரிந்தது. முன்னால் சின்னராசு. பின்னால், முழங்கால் வரை சேறோடு, வயிற்றில் ஒரு துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேடியப்பன். மூட்டையில் அடுத்த வருஷத்து விதைச் சாமை.

அவள் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று ஒன்பதாவது வரிக்கு டிக் போட்டாள். அந்த டிக் மட்டும் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டாள்.

அன்றைக்குச் சமையற்கட்டில் பெரிய அண்டாவில் சோறு வடித்து ரசம் வைத்தார்கள். எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தார்கள். ரேணுகாதேவி பரிமாறிக்கொண்டே வந்தாள். வேடியப்பன் முன்னால் வந்து குனிந்தபோது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். உயிர் தப்பி வந்தவன் பேசிய முதல் பேச்சு அது.

"கொட்டாய் போச்சு. இனிமே பாப்பா கூட எங்க நின்னு பேசறது?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "பாப்பா கூடப் பேசறியா, மாமா?"

"தெனமும். ராத்திரி ஏழரைக்கு. ஊருல அந்த மேட்டுல மட்டுந்தான் டவர் கெடைக்குது."

போன வருஷம் ஐப்பசியிலிருந்து என்றான். அறுப்பு முடிந்து வீட்டுக்கு வரலாம் என்று பாயைச் சுருட்டிய அன்றைக்குத்தான் நதியா முதல் தடவை கூப்பிட்டாளாம். தலைவலி, சாப்பாடு பிடிக்கவில்லை, ஊசி போடக் கற்றுக்கொண்டேன், எல்லாம் சொன்னாளாம். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்றாளாம். மறுபடி பாயை விரித்துவிட்டான். இன்றைக்கும் காலையிலிருந்து அதற்குத்தான் அங்கே நின்றிருக்கிறான். புயல் செய்தி கேட்டு மகள் பயந்துபோயிருப்பாள், ஒரு நிமிஷமாவது டவர் வராதா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருக்கிறான். சோற்றுக்குக்கூட வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? வேணான்னு சொன்னவன் நான்தானே. அம்மாகிட்டச் சொல்லாதன்னு பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

மகள் அப்பா பேச்சையே எடுப்பதில்லை என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் அழுதாள். தினமும் அப்பாவோடு பேசுகிற மகள் எதற்குக் கேட்பாள்? ரேணுகாதேவிக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அந்தக் கரண்டியாலேயே ஒன்று போடலாம் என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நிறைந்து வழிந்தது. ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். பசியோடு இன்னும் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடையோரத்தில் நாலு வீடு, தீர்த்தகிரியின் கொட்டகை, மேட்டுக்கொல்லையில் முக்கால் ஏக்கர். மண் கொண்டுபோனது அவ்வளவு. ஆள் ஒருவர்கூட இல்லை. மூன்றாம் நாள் பாதை திறந்ததும் சின்னராசு இருவரையும் ஜீப்பில் ஏற்றி வளைவு வரை கொண்டுபோனான். நதியா போனை எடுத்து, ஹலோ என்று ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டதும், அம்மா, அப்பா என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். சின்னராசு வண்டியை விட்டு இறங்கி டயரைப் பார்க்கப் போய்விட்டான்.

பொங்கல் முடிந்து சிவசங்கரி வந்தாள். வீடு மாறியவர்கள் இருக்கிறார்கள், பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும் என்றாள். ரேணுகாதேவி மறுபடி முப்பத்தெட்டு வீடும் ஏறி இறங்கினாள். இந்த முறை யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. கோபால் தன் சனிக்கிழமையைத் தானாகவே சொன்னான். கடைசியாக ஒன்பதாவது வரிக்கு, தாளை எடுத்துக்கொண்டு பாறைமேட்டுக்கு நடந்தாள். அங்கே வேடியப்பன் புதுக் கொட்டாய் கட்டிக்கொண்டிருந்தான். ஓடைக்கு எதிர்ப்பக்கம், கெட்டியான பாறை. சிவசங்கரியே வந்து பார்த்துச் சரி என்று சொன்ன இடம். போனைப் பாறை மேல் வைத்திருந்தான். டவர் இரண்டு கோடு காட்டியது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உன்னை எங்கே என்று எழுதுவது என்று கேட்டாள். மூங்கிலைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னான். தை முதல் ஆடி வரை வீடு. ஐப்பசிக்கு அப்புறமும் வீடு. சாமைக் காலத்துக்கு மட்டும் இங்கே. சாயங்காலம் மகளிடம் பேச வந்தாலும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். அவள் எழுதினாள். எழுதி முடித்தும் போகாமல், கட்டி முடித்த பரணை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய கொட்டாயில் ஒருவன் புரண்டு படுக்கவே இடம் பற்றாது. இது அப்படி இல்லை.

"இன்னா மாமா, இவ்ளோ அகலமா கட்டற?"

அவன் நாரை இழுத்து முடிச்சுப் போட்டான். "ஏழரைக்கு நீயும் பேசணும்னா, இருட்டுல திரும்பி எப்படி வூட்டுக்குப் போவ?"

ரேணுகாதேவி பாறையில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள். எழுதி முடித்த தாளை மறுநாள் ஜெராக்ஸுக்கு வாங்கிக்கொண்ட சின்னராசு, வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒன்பதாவது வரியைத்தான் முதலில் தேடிப் பார்த்தான். ஆவணி முதல் ஐப்பசி வரை, பாறைமேட்டுக் கொட்டாய், வேடியப்பன், ரேணுகாதேவி, இரண்டு பேர் என்று பேனாவில் எழுதியிருந்தது. அவன் சட்டைப்பையில் இருந்த பென்சிலுக்கு அங்கே வேலை இல்லை.